சொல்வதெழுதலில் தவறிய பிள்ளைகள்: செவிப்புலவியல் பேராசிரியர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு,

இலங்கையிலும் தமிழகத்திலும் கடல் கடந்த நாடுகளிலும், காது கேட்பதை அளந்து உதவுகிற துறையான செவிப்புலவியலைக் கற்பிக்கிற, ஆராய்கிற உங்கள் எல்லோருக்கும், அதிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு முதலாவதாகவும், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் ஒரு குளத்தங்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை. 31 வருடம் படிப்பித்தேன். கட்டடத்துக்குள் படிப்பித்ததும் உண்டு, மரத்தடியில் படிப்பித்ததும் உண்டு, போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் படிப்பித்ததும் உண்டு.

2013ஆம் ஆண்டு தரம் 3இல் என்னிடம் ஒரு பையன் படித்தான். கெட்டிக்காரன். கணக்கில் வகுப்பில் முதலாவது. சொல்வதெழுதலில் மட்டும் பத்துக்கு மூன்று, பத்துக்கு நான்கு. நான் "ஊசி" என்று சொன்னால் "ஊதி" என்று எழுதுவான். "காசு" என்றால் "காது". "மீசை" என்றால் "மீதை". "பாசி" என்றால் "பாதி". அம்மா, நிலா, மாடு, ஆறு எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் வரும். நான் அவனுடைய கொப்பியில் சிவப்பு மையால் "கவனம் போதாது" என்று எழுதினேன். ஒரு தடவை அல்ல, அந்தத் தவணை முழுவதும் எழுதினேன். தாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். தாய் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டிலும் இப்படித்தான் ரீச்சர், சொல்வழி கேளாதவன்" என்றார்.

எங்கள் மொழியில் கேட்பது என்றால் காதால் உணர்வதும்தான், கீழ்ப்படிவதும்தான். கேளாத பிள்ளை இரண்டு வகையிலும் கேளாத பிள்ளை ஆகிவிடுகிறது. அந்தப் பையனுக்கு அப்படித்தான் ஆனது. அவனுக்கு அடி விழுந்தது. நான் அடிக்கவில்லை. ஆனால் அடிக்கு வழி செய்தவள் நான்.

என்னிடம் தரம் 5 வரை படித்த ஒரு பெண்பிள்ளை பின்னாளில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானம் படித்தாள். விடுமுறைக்கு வந்தவள் என் வீட்டு விறாந்தையில் இருந்து பழைய கொப்பிகளைப் புரட்டினாள். இந்தப் பையனின் கொப்பியை நான் எறியாமல் வைத்திருந்தேன். இரண்டு பக்கம் பார்த்தாள். மூன்றாம் பக்கம் திருப்பாமலே, "ரீச்சர், இவனுக்கு மேல் சுருதி கேட்கவில்லை" என்றாள்.

அவள் தன் பேராசிரியரின் விரிவுரைக் குறிப்புகளை எடுத்து வந்து எனக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. "ஆ", "ஊ", "ம", "ந" எல்லாம் அங்கேதான். நாங்கள் "ஊசி"யில் உச்சரிக்கிற சகரத்தின் பலமோ, சுருதியை அளக்கிற அலகில் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலே, மெல்லிய காற்றாகப் போகிறது. அந்த மேல் சுருதி கேட்காத பிள்ளைக்கு "ஊ" கேட்கும், "இ" கேட்கும், நடுவில் ஏதோ ஒன்று இருந்தது என்பது மட்டும் தெரியும். அந்த இடத்தைத் தனக்குத் தெரிந்த ஒலியால் நிரப்பிக்கொள்ளும். கூப்பிட்டால் திரும்பும், சத்தம் போட்டால் பயப்படும். ஆகையால் வீட்டில் யாரும் செவிடு என்று நினைக்கமாட்டார்கள். நான் சிவப்பு மையால் சுழித்த பிழைகள் எல்லாம் அந்தப் பிள்ளை தன் காதைப் பற்றி எனக்கு எழுதிய கடிதங்கள். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

பிறகு அவனைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். அப்போது அவனுக்கு 10 வயது. எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற வரைபடத்தில் நீலப் பெருக்கல் குறி இடக்காது, சிவப்பு வட்டம் வலக்காது. 2000 ஹேர்ட்ஸ் வரையில் ஓரளவு நேராக வந்த கோடு, 3000இல் இருந்து கிணற்றுக்குள் வாளி இறங்குவது போல் இறங்கியது. வலப்பக்கம் இன்னும் ஆழம். செவிப்பறையில் பழைய கிழிசல் ஆறிய தழும்பும் இருந்தது. தகப்பன் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டார். போரின் கடைசி மாதங்களில், 2009 ஏப்ரலில், மாத்தளன் பக்கம் பங்கருக்கு வெளியே எறிகணை விழுந்தபோது பிள்ளையின் காதிலிருந்து இரத்தம் வந்ததையும், சேலைத் துண்டால் துடைத்ததையும், உயிர் தப்பியதே போதும் என்று அதை மறந்ததையும் அப்போதுதான் சொன்னார். அந்த நாளில் அவனுக்கு வயது நாலுகூட நிரம்பவில்லை.

பேராசிரியர்களே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அந்தப் பங்கர்களுக்குள் இருந்தது ஒரு பிள்ளை அல்ல. இலட்சக்கணக்கான சனம் மாதக்கணக்காக அங்கே இருந்தது. கடற்கரை மணல் இடிந்து விழும் என்று கலியாணச் சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்து அடுக்கினோம். கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும் சத்தம் கேட்டால் "காதைப் பொத்து, வாயைத் திற" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். மண்மூட்டை துண்டுகளைத் தடுத்தது. அமுக்க அலையை அது தடுக்குமா? வெடிப்பின் அமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கும், நடுச்செவிச் சிற்றென்புகளைக் கழற்றும், அதற்கும் அப்பால் உட்செவியின் நத்தைச்சுருளுக்குள் போய், சத்தத்தை உணர்கிற மயிர்க்கலங்களை வேரோடு பிடுங்கும் என்று உங்கள் புத்தகங்களே சொல்கின்றன. கிழிந்த செவிப்பறை பல சமயம் தானாக ஆறிவிடும். உள்ளே போனது ஆறாது. ஒரு காதில் உள்வரிசை மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500, வெளிவரிசையில் ஏறத்தாழ 12,000. அவ்வளவுதான் ஒரு மனிதருக்கு ஆயுள் முழுவதற்கும். கோழிக்குஞ்சுக்கு அழிந்த மயிர்க்கலம் மீண்டும் முளைக்கும் என்று 1980களில் ஆய்வாளர்கள் கண்டார்கள். முற்றத்தில் மேய்கிற கோழிக்கு உள்ள அந்த வரம் எங்கள் பிள்ளைக்கு இல்லை.

வன்னியில் கால் இழந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். கண் இழந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். உடலில் துண்டோடு வாழ்கிறவர்களைப் பற்றிக்கூட எழுதினார்கள். காதைப் பற்றி எங்கள் வாசலுக்கு வந்து கேட்டவர் ஒருவரும் இல்லை. காதுக் காயம் வெளியே தெரியாது. ஊன்றுகோல் பிடிக்காது. வீட்டுக்குள் ரி.வி. சத்தம் கூடும், கணவன் மனைவிக்குள் "நான் சொன்னேன்", "நீ சொல்லவில்லை" என்று சண்டை வரும், கூட்டங்களுக்குப் போவது குறையும். அதை வயது என்பார்கள், கோபம் என்பார்கள், யுத்தத்தால் வந்த மனப்பாரம் என்பார்கள். மனப்பாரம் உண்மை. ஆனால் அதில் எவ்வளவு மனம், எவ்வளவு காது என்று பிரித்துப் பார்க்க உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

உங்கள் துறை பிறந்த கதையை என் மாணவி சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இரண்டாம் உலகப் போரில் காது பழுதாகித் திரும்பிய போர்வீரர்களுக்காக அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் ஓர் இராணுவ மருத்துவமனை இருந்தது. ரேமண்ட் கார்ஹார்ட் என்பவர் 1944இல் அங்கே போய் அந்த வீரர்களின் கேட்டலை அளந்து, யாருக்கு எந்தக் காது கேட்கும் கருவி பொருந்தும் என்று முறை வகுத்தார். போர் முடிந்தபின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாக்கினார். செவிப்புலவியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் துறை, சண்டையில் கெட்ட காதுகளுக்குப் பக்கத்தில் ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்ததில் பிறந்தது. எங்கள் காதுகளுக்குப் பக்கத்தில் அந்தக் கதிரை இன்னும் போடப்படவில்லை.

என் கதையையும் சொல்ல வேண்டும். 2009 மார்ச்சிலிருந்து என் இடக்காதுக்குள் ஒரு சில்வண்டு இரைகிறது. பகலில் மறந்திருப்பேன். இரவு விளக்கை அணைத்ததும் தொடங்கும். 2015இல் பரிசோதனைக்குப் போனேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். எல்லாப் புள்ளிகளும், சத்தத்தின் அளவில் இயல்பான கேட்டல் என்று கொள்கிற 20 டெசிபல் கோட்டுக்குள் இருந்தன. "உங்கள் காதில் ஒரு பிழையும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்றார்கள். சந்தோசமாக வந்திருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கதைத்தால் எனக்கு ஒருவர் சொல்வதும் விளங்குவதில்லை. கோயில் திருவிழாவில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பது சத்தமாகக் கேட்கும், சொல்லாகக் கேட்காது. இது என் மனப்பிரமையா என்று பல வருடம் எனக்குள் யோசித்தேன்.

அந்தக் கேள்விக்கு வழி காட்டியதும் உங்களைப் போன்ற ஆய்வாளர்களின் வேலைதான். பொஸ்ரன் நகரில் ஷரன் குஜாவா, சார்ள்ஸ் லிபர்மன் என்ற இருவர் சுண்டெலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் இரைச்சலில் வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் எலிகளின் கேட்டல் அளவு பழையபடி திரும்பிவிட்டது. மயிர்க்கலங்களும் உயிரோடு இருந்தன. பழைய அளவுகோலின்படி அந்த எலிகளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கலத்தையும் நரம்பையும் தொடுக்கிற நுண்ணிய இணைப்புகளில் மேல் சுருதிப் பகுதியில் ஏறத்தாழ அரைவாசி அற்றுப் போயிருந்தது. பின்னர் மாதக்கணக்கில் நரம்புகளும் மெல்ல மெல்ல அழிந்தன. அமைதியான அறையில் மெல்லிய சத்தத்தைக் கண்டுபிடிக்க மிஞ்சிய நரம்புகள் போதும். இரைச்சலுக்குள் பேச்சைப் பிரித்தெடுக்கத்தான் அவை போதாமல் போகும் என்பது அந்த ஆய்விலிருந்து எழுந்த கருத்து. மனிதருக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று உங்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது என்றும் என் மாணவி ஒளிக்காமல் சொன்னாள்.

அந்த ஆய்வு வெளிவந்தது 2009 நவம்பரில். நாங்கள் அப்போது முட்கம்பிக்குள் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

எலியில் தொடங்கிய அந்த வாதத்துக்கு வன்னி மனிதர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. ஒரே மாதங்களில், ஒரே நிலத்தில், கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒரே சத்தத்துக்குள் இருந்த சனம் நாங்கள். எங்களை எலியாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இன்னும் சொன்னால், அந்த வகை ஆய்வை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். படிவத்தோடு வருவார்கள், விபரம் கேட்பார்கள், கையொப்பம் வாங்குவார்கள், பிஸ்கட்டும் சோடாவும் தருவார்கள். போனபின் ஒரு வரி பதில் வராது. அந்தத் தாளில் என்ன எழுதினார்கள், அதனால் யாருக்கு என்ன பட்டம் கிடைத்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஆகவே வருகிறவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். யாருடைய காதை அளக்கிறீர்களோ அவருடைய கையில் அன்றைக்கே அந்த வரைபடத்தைக் கொடுங்கள். அவருக்கு விளங்கும் தமிழில், அவர் மனைவியையும் பக்கத்தில் இருத்தி, விளக்கிச் சொல்லுங்கள். "உங்கள் கணவர் வேண்டுமென்று கேளாமல் இருக்கவில்லை" என்று ஒரு வெளியாள் சொல்வது சில குடும்பங்களில் கருவியைவிடப் பெரிய மருந்து.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு இதில்தான் ஆதங்கம் கூட.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை, கமக்காரர், தென்பகுதியில் உள்ள ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். சொற்களை ஒலிக்கவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் பரிசோதனை. ஒலிப்பதிவில் இருந்தது தமிழகத்துத் தமிழ். "நாற்காலி" என்று கேட்டது. பெரியவர் "கதிரை" என்றார். "ஜன்னல்" என்று கேட்டது. "யன்னல்" என்றார். "துண்டு" என்றது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "துவாய்" என்றார். அவருக்குக் காது கேட்டது, பொருளும் விளங்கியது, மரியாதையாகத் தன் சொல்லில் பதிலும் சொன்னார். மூன்றும் பிழை என்று அடையாளம் இடப்பட்டது. பரிசோதித்த பெண்பிள்ளை சிங்களப் பிள்ளை, பண்பான பிள்ளை, அவளில் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. அவள் கையில் கொடுக்கப்பட்ட பட்டியல்தான் அந்த மனிதருக்குப் பொருந்தாத சட்டை.

இத்தகைய பட்டியலை எப்படிச் செய்ய வேண்டும் என்று 1940களிலேயே ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் முறை கண்டுவிட்டார்கள். ஒரு பட்டியலில் 50 சொல். ஒவ்வொரு ஒலியும் அன்றாடப் பேச்சில் எவ்வளவு வருகிறதோ அதே அளவில் பட்டியலிலும் வர வேண்டும். சொற்கள் பேசுகிறவருக்குப் பழக்கமானவையாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் எங்களுக்கு வேண்டியது. வன்னியில் ஒரு பிள்ளைக்குப் பழக்கமான சொற்களைக் கேட்டால் நான் இப்போதே எழுதித் தருவேன்: கதிரை, பாண், பேணி, துவாய், சவர்க்காரம், குளம், வான்கதவு, பாலை, வீரை, உழுந்து, கச்சான், தறப்பாள். அலை, அழை, அளை மூன்றையும் எங்கள் பிள்ளைகளின் காது பிரிக்கிறதா, கரையையும் கறையையும் பிரிக்கிறதா என்று பார்க்கிற பட்டியலும் வேண்டும். இரைச்சலுக்குள் சொல்லைக் கேட்கும் பரிசோதனையும் அதே சொற்களில் வேண்டும். பின்னணி இரைச்சலைக்கூட நான் சொல்கிறேன்: தகரக் கூரையில் கார்த்திகை மழை, சந்தையடி, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். எங்கள் காது தோற்பது அங்கேதான். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் நாங்கள் சொற்களைச் சேர்த்துத் தருகிறோம், பதிவுசெய்யக் குரலும் தருகிறோம். அதை அளந்து, நிறுத்து, தரப்படுத்துகிற கல்வி உங்களிடம் இருக்கிறது.

தகரக் கூரை என்றதும் வகுப்பறை நினைவு வருகிறது. ஆசிரியரின் குரல் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 60, 65 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு மழை நாளில் என்ன போய்ச் சேரும்? அமெரிக்கத் தரவிதி ஒன்று வெறும் வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. நான் படிப்பித்த அரைச்சுவர் வகுப்பறைகளை அந்த அளவோடு ஒப்பிடவே முடியாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021இலிருந்து வவுனியாவிலும் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு நூறு வகுப்பறைகளில் ஒரு மாரிகாலம் முழுவதும் சத்தத்தை அளந்தால், அடுத்த கட்டடத்துக்குத் தகரம் போடுவதற்கு முன் யாராவது ஒரு பொறியியலாளர் யோசிப்பார்.

சிறு பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறவியிலேயே கேட்கவில்லை என்று தெரிந்தபோது அதற்கு வயது நாலு. "ஆண்பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்", "தகப்பனும் அப்படித்தான்" என்று ஊரே ஆறுதல் சொன்னது. நானும் சொன்னேன். கொலராடோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியை கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்கு அப்போது தெரிந்திருந்தால் அந்த ஆறுதலைச் சொல்லியிருக்க மாட்டோம். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டு உதவி கிடைத்த பிள்ளைகள், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் சோதி, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்கு என்பதுதான் இன்று உலகம் ஏற்ற வழி.

அது எங்களுக்கு எட்டாத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம். காது சத்தத்தை வாங்குவது மட்டுமல்ல, தானும் மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் தூங்குகிற குழந்தையின் காதுக்குள் சிறு முனையை வைத்துச் சில நிமிடத்தில் சோதிக்கிற கருவி வந்தது. குழந்தை கையுயர்த்த வேண்டியதில்லை, அழாமல் தூங்கினால் போதும். வன்னியில் எந்த ஒழுங்கைக்குள்ளும் குழந்தை பிறந்தால் குடும்பநல உத்தியோகத்தர் போகிறார். சேற்றுக்குள்ளும் சைக்கிளையோ ஸ்கூட்டியையோ தள்ளிக்கொண்டு போய் நிறை பார்க்கிறார், தாய்க்குப் புத்தி சொல்கிறார். அவருடைய பைக்குள் அந்தக் கருவியும் இருக்கட்டும். பழக்கிக் கொடுப்பதும், சந்தேகப்பட்ட குழந்தையை எங்கே அனுப்புவது என்று பாதை போடுவதும் உங்கள் மாணவர்களால் முடியும்.

கருவி கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காக அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் காது மெசினைப் பற்றிச் சொல்கிறேன். அது ஒரு பால்மாப் பேணிக்குள், அரிசிக்குள் புதைந்து இருக்கும். வியர்வையும் ஈரப்பதமும் மெசினைக் கெடுக்கும் என்று யாரோ சொல்ல, ஈரத்தை அரிசி உறிஞ்சும் என்று தாயே கண்ட வழி. என் மாணவி வந்து பார்த்துவிட்டு, அரிசித் தூசு துவாரத்தை அடைக்கும், சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பொதி போதும் என்றாள். முள்ளியவளையில் ஒரு சப்பாத்துக் கடைக்காரர் இப்போது அதைச் சேர்த்துவைத்துத் தருகிறார். பட்டரி இன்னொரு கதை. ஒட்டியிருக்கிற தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கிவிடும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் தீர்ந்துவிடும். தாய் அது தெரியாமல் ஒரு அட்டை முழுவதையும் ஒரே நாளில் உரித்துவைத்தார். அடுத்த மாதம் எல்லாம் செத்துப் போயின. காதுக்குள் வைக்கிற அச்சும் வளர்கிற பிள்ளைக்குச் சில மாதங்களில் சிறிதாகிவிடுகிறது. சிறிதானால் விசிலடிக்கும். விசிலடித்தால் பிள்ளை கழற்றி எறியும். ஒவ்வொரு புதிய அச்சுக்கும் விடியற்காலை பஸ், ஒரு நாள் கூலி, கூடவே மற்றப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகவேண்டிய நிலை. மூன்றாவது அச்சுக்கு அந்தத் தாய் போகவில்லை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

இதற்கெல்லாம் ஒருவர் ஊரோடு இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை வந்துபோகிறவர் போதாது. ராகமையிலோ வேறிடத்திலோ படிப்பிக்கிற பேராசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் மாணவர்களின் களப்பயிற்சியில் சில வாரங்களைக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஒதுக்குங்கள். சிங்களப் பிள்ளைகளும் வரட்டும், எங்கள் வீடுகளில் தங்கட்டும், நாங்கள் சமைத்துப் போடுகிறோம், கொஞ்சம் தமிழும் கற்றுக்கொண்டு போகட்டும். வன்னியில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்றே தெரியாது. வைத்தியர், பொறியியலாளர், அதற்கு வெளியே அவர்களுக்கு உலகம் இல்லை. நீங்கள் ஒருவர் நேரில் வந்து, ஒரு பிள்ளையின் காதுக்குள் ஒளி பாய்ச்சி, மற்றப் பிள்ளையை எட்டிப் பார்க்கவிட்டால் போதும். ஆசிரியர் பயிற்சியிலும் இரண்டு மணி நேரம் கேளுங்கள். சொல்வதெழுதல் கொப்பியை எப்படி வாசிப்பது என்று இளம் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை.

வேறு சிலவற்றையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லைக் கிராமங்களில் இரவுக் காவலுக்குப் போகிற கமக்காரர் யானை வெடியைக் கையில் கொளுத்தி எறிகிறார்கள். காதடைப்பான் என்று ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அரிசி ஆலையிலும் மரம் அரிகிற இடத்திலும் நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்கும் அப்படியே. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையவேண்டும் என்ற கணக்கை ஒரு சுவரொட்டியில் படத்தோடு போடலாம். குளத்தில் குளிக்கிற பிள்ளைகளுக்குக் காது வடிந்தால் உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுகிறார்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது அது எவ்வளவு கெடுதி என்று உங்கள் வாயால் சொன்னால் எங்கள் ஆச்சிமார் கேட்பார்கள். நான் சொல்லி அவர்கள் கேட்கவில்லை.

நீங்கள் வருவதென்றால் மாசி, பங்குனி நல்ல காலம். காலபோக அறுவடை முடிந்து சனம் வீட்டில் இருக்கும், மழையும் இருக்காது. பரிசோதனைக்கு அமைதியான அறை வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பழைய நெல்லுக் களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறோம். தடித்த சுவர், யன்னல் இல்லை, ஒரே கதவு. முட்டைத் தட்டு ஒட்டலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். அது உள்ளே எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்று என் மாணவி சொன்னதால் கதவுக்கு இரண்டு பழைய மெத்தைகளைத் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். கதவைச் சாத்தினால் வீதியில் போகிற உழவு இயந்திரம் லேசாகத்தான் கேட்கிறது. போதாது என்றால் என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள், செய்கிறோம்.

மாங்குளம் சந்தியில் உங்களை ஏற்ற ஓட்டோவோடு ஒரு பையன் நிற்பான். 20 வயது. "ஊதி" என்று எழுதியவன் அவன்தான். வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவனுக்குச் சரியாக விளங்காது. முன்னால் போய், முகத்தைக் காட்டி, ஆறுதலாகக் கதையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஒட்டுசுட்டான் பகுதி, வன்னி.